மஞ்சள் லேபிள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நான் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் உட்காரவைத்து விலாவாரியாகச் சொல்வார். அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நின்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். "அதுக்கே கூச்சமா இருக்கும், கொஞ்சம் தனியா விடு" என்பார். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? மனிதத் தோல் வளர்ப்பது.

வளர்ப்பது என்றால் நிஜமாகவே வளர்ப்பதுதான். தீக்காயம் பட்டவரின் உடம்பில் காயம் படாத ஓர் இடத்திலிருந்து தபால்தலை அளவுக்குத் தோலை வெட்டி, குளிர்பெட்டியில் வைத்து மருத்துவமனை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, மருந்து நீரில் ஊறவைத்து, செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, தட்டையான பிளாஸ்டிக் குப்பிகளில் ஊற்றுவோம். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டருக்குள் அந்தக் குப்பிகளைப் படுக்கவைப்போம். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு நீர் இருக்கும். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். சில வாரங்களில் குப்பியின் அடிப்பக்கம் முழுக்க வெங்காயச் சருகு போல ஒரு படலம் பரவியிருக்கும். அதை உரித்து அனுப்பினால் மருத்துவர்கள் காயத்தின் மேல் ஒட்டுவார்கள். அவரவர் தோல் அவரவருக்கே என்பதால் உடம்பு சண்டைக்கு வராது.

இந்த வேலையில் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். குப்பியை ஆட்டக் கூடாது, காரணமில்லாமல் வெளியே எடுக்கக் கூடாது, இன்குபேட்டர் கதவைச் சும்மா சும்மா திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கும் சூடும் காற்றும் கலைந்துவிடும். பழையபடி நிலைக்கு வர நேரம் பிடிக்கும். இதையெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான்.

வளர்ப்பு அறையில் என்னோடு இன்னொருவன் இருக்கிறான். அவனுக்கு நான் வைத்த பெயர் ஆமை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டான், கோபம் வருவதற்குக்கூட அவனுக்கு நேரமாகும். காலையில் வருவான், தன் குப்பிகளை ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பான், வைத்துவிடுவான். அதன் பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பான். எனக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

என் தம்பி ஒரு சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன். நீராவிக் குழாயின் மூட்டு ஒன்று விட்டுக்கொண்டது. அவன் குனிந்து வால்வை மூடிக்கொண்டிருந்த நேரம். முதுகு முழுக்கவும் கால்களின் பின்பக்கமும் வெந்துபோயின. செய்தி வந்தபோது நான் கையுறையைக் கழற்ற மறந்து அப்படியே வெளிவாசல் வரை ஓடினேன். ஆமைதான் பின்னாலேயே வந்து என் பையைக் கொடுத்தான்.

மருத்துவமனை வாசலில் தம்பி மனைவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று அவனை நான் பார்க்க முடியவில்லை, யாரையும் உள்ளே விடவில்லை. மறுநாள் மருத்துவர் அவளிடம், "ஒட்டறதுக்கு அவரு உடம்புலயே போதுமான தோல் இல்ல. வளத்துத்தான் ஒட்டணும்" என்று சொல்லியிருக்கிறார். அவள் உடனே எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அது உங்க கம்பெனிக்குத்தான் வருதாம். நீங்கதானே வளப்பீங்க?"

"நான்தான் வளப்பேன். நீ கவலப்படாத."

வாயில் வந்துவிட்டது. ஆனால் எங்கள் நிறுவனத்தில் இரண்டு விதிகள் உண்டு. சொந்தக்காரர் யாருடைய தோலாவது வந்தால் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அறையை விட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இது முதலாவது. தீக்காய வார்டுக்குள் போய்வந்தவர்கள் வளர்ப்பு அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, அங்கே உலவும் கிருமிகள் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இது இரண்டாவது. ஆக, தம்பியைப் போய்ப் பார்த்தால் அவன் தோலை வளர்க்க முடியாது. வளர்த்தால் அவனைப் பார்க்க முடியாது. நான் வளர்ப்பதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் விதியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆமையின் கையில் என் தம்பியின் முதுகை ஒப்படைப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை அந்த மருத்துவமனையிலிருந்து இரண்டு குளிர்பெட்டிகள் வந்தன. பெயர் இருக்காது, வயது இருக்காது, ஆணா பெண்ணா என்றும் இருக்காது. நீளமான ஓர் எண்ணும் லேபிளின் நிறமும்தான். ஒன்று மஞ்சள், இன்னொன்று பச்சை. திறந்து பார்த்தேன். பச்சை லேபிள் துண்டு வழுவழுவென்று இருந்தது. மஞ்சள் லேபிள் துண்டில் கட்டை கட்டையாக முடி வேர்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சின்ன வயதிலிருந்தே தம்பிக்கு வீட்டில் கரடி என்றுதான் பெயர். கை, கால், தோள்பட்டை என்று அவன் உடம்பில் ரோமம் இல்லாத இடமே கிடையாது. வெயில் காலத்தில் பனியனோடு அவன் வந்து உட்கார்ந்தால், "கம்பளிய கழட்டி வெச்சிட்டு உக்காருடா" என்பேன். அந்தத் துண்டைப் பார்த்ததும் வேறு யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"மஞ்சள நான் பாத்துக்கறேன். பச்சைய நீ எடுத்துக்க" என்று ஆமையிடம் சொன்னேன்.

"சரிக்கா" என்றான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் இன்குபேட்டர் பக்கம்தான் கால் போனது. காலையில் கோட்டு மாட்டியதும் மஞ்சள் குப்பியை எடுத்துப் பார்ப்பேன். இன்னொருவரின் குப்பிக்குச் சாப்பாடு மாற்றும்போது, கதவுதான் திறந்திருக்கிறதே என்று அதையும் எடுப்பேன். சாப்பிடப் போகும் முன் ஒரு தடவை. சாப்பிட்டு வந்ததும் ஒரு தடவை. கிளம்பும்போது கோட்டைக் கழற்றிவிட்டு, மனசு கேட்காமல் திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை. மைக்ரோஸ்கோப்பின் வெளிச்சத்தில் செல்கள் சின்னச் சின்னத் தீவுகளாகத் தெரியும். அதில் தம்பியின் முகத்தைத் தேடுகிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. ஆனால் "வளருடா, வளருடா" என்று முணுமுணுத்தது உண்மை.

சாயங்காலம் தம்பி மனைவி போன் போட்டு அவன் காதருகே வைப்பாள்.

"என் முதுகு எப்டிக்கா இருக்கு?"

"உன்னவிட ஒழுங்கா இருக்கு. சொன்ன பேச்ச கேக்குது."

"வெயிட் போட்டிருக்கா?"

"கொஞ்சம் போட்டிருக்கு."

"முடியெல்லாம் வேணாங்கா, வழுவழுன்னு வளத்துக் குடு. இவளாவது சந்தோசப்படட்டும்."

சிரிக்கப் பார்த்து, வலியில் பாதியிலேயே நிறுத்திவிடுவான். அந்த நிறுத்தம்தான் என்னைத் தூங்க விடாமல் பண்ணியது. அவன் குப்புறப் படுத்தே கிடந்தான். காயத்தைத் தற்காலிகமாக மூடி வைத்திருந்தார்கள். அது சீழ் பிடிப்பதற்குள் சொந்தத் தோல் வந்து சேர வேண்டும். எப்போது தரப்போகிறோம் என்று மருத்துவமனையிலிருந்து பொறுப்பாளருக்குப் போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் மஞ்சள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதன் நடை தளர்ந்தது. நல்ல தோல் செல்கள் கூழாங்கல் பதித்த தரை போல நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இவை பெருத்து, தட்டையாகி, ஒன்றைவிட்டு ஒன்று விலகின. வயசானவர்கள் மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. சாப்பாடு போதவில்லையோ என்று நீரை மாற்றினேன். மறுநாளும் மாற்றினேன். சூடு பற்றவில்லையோ என்று வேறு தட்டுக்கு மாற்றி வைத்தேன். மாற்றி வைத்தது சரியா என்று பார்க்கத் திரும்பக் கதவைத் திறந்தேன்.

ஆமையின் பச்சையோ, கேட்பார் இல்லாத செடி போல மளமளவென்று பரவிக்கொண்டிருந்தது. அவனுடைய இன்குபேட்டர் தனி. அதன் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் பொறாமையாக இருந்தது. யாரோ ஒருவருடைய தோல் இப்படிக் கொழிக்கிறது, என் தம்பியுடையது மட்டும் வாடுகிறது. இந்தச் சோம்பேறிக்கு எப்படி அமைகிறது என்று உள்ளுக்குள் கறுவினேன்.

"அக்கா, அத கொஞ்சம் விடேன்" என்றான் ஒருநாள், மேசையைத் துடைத்துக்கொண்டே.

"எத?"

"மஞ்சள. எப்பப் பாத்தாலும் உன் கையிலதான் இருக்கு. நீர வேற அடிக்கடி மாத்தற. அதுங்க தங்களுக்கு வேணும்கறத தாங்களே சுரந்து அந்த நீர்ல கலந்து வெச்சிருக்கும். நீ அத எடுத்துக் கொட்டிட்டே இருக்க."

"எனக்கு நீ பாடம் எடுக்கறியா? இந்தப் பாடத்த உனக்கு எடுத்ததே நான்."

"அதான்கா நானும் சொல்றேன்" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவனுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

வாரக் கடைசியில் மஞ்சள் குப்பியில் செல்கள் அங்கங்கே அடியை விட்டுக் கழன்று மிதக்க ஆரம்பித்தன. காரணம் தெரியாமல் ஒரு குப்பி இப்படி வாடினால், அந்த ஆளின் செல்களுக்கே தெம்பில்லை என்று நாங்கள் முடிவு கட்டுவோம். மறுபடி முயன்று நாளைக் கடத்தாமல், வேறு வழி பார்த்துக்கொள்ளும்படி மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவோம். மறுநாள் கூட்டத்தில் பொறுப்பாளர் அதைத்தான் சொல்லப் போகிறார். தம்பியிடம் இதை யாரோ சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இனிமேல் வளர்ப்பு அறைக்கு வந்துதான் என்ன ஆகப்போகிறது. லீவு போட்டுவிட்டு வார்டுக்குப் போனேன்.

மேலங்கி, முகமூடி, தொப்பி எல்லாம் மாட்டி என்னை உள்ளே அனுப்பினார்கள். தம்பி குப்புறக் கிடந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"வந்துட்டியா? அப்ப என் முதுக யாரு பாத்துக்கறா?"

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தலையணை மேல் நீட்டியிருந்த அவன் கையைப் பிடிக்கப் போனேன்.

"அந்தக் கைய பிடிக்காதக்கா. அங்கதான வெட்டி எடுத்தாங்க."

மேல்கையின் உட்புறத்தில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, சின்னதாக ஒரு கட்டுப் போட்டிருந்தது. சுற்றிலும் வெளுத்து, குழந்தையின் தோல் போல இருந்தது.

"எத எடுத்தாங்க?"

"உனக்கு அனுப்பினாங்கல்ல, அந்தத் துண்டத்தான். நர்ஸம்மா தேடு தேடுன்னு தேடினாங்க. கரடி உடம்புல மொழுமொழுன்னு இருக்கற ஒரே எடம் இதான்னு கண்டுபிடிச்சு எடுத்தாங்க. நீ பாத்திருப்பியே."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. வழுவழுவென்றிருந்த துண்டு. பச்சை லேபிள். ஆமையின் இன்குபேட்டரில் கூழாங்கல் தரையாக நிறைந்து கிடப்பது என் தம்பி.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அவன் தலையைத் தடவி, "பிரமாதமா வளந்திருக்குடா, அடுத்த வாரம் வந்துரும்" என்றேன். அழுதேன். அவனும் அழுதான். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். அந்த நேரத்தில் மஞ்சள் குப்பியின் ஞாபகம் எனக்குத் துளிகூட வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியே பெஞ்சில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒருவர், கழுத்தில் அளவெடுக்கும் நாடாவோடு.

"அண்ணி, இவரு தையல்காரரு. இவரு வீட்டம்மாவும் உள்ளதான் இருக்காங்க. பெயிண்ட் குடோன்ல வேல பாத்தாங்களாம், தீப்பிடிச்சிருச்சு. நம்ம ஆளுக்கு எடுத்த அன்னிக்கேதான் அவங்களுக்கும் தோல் எடுத்தாங்க."

அவர் எழுந்து நின்றார். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்த அன்று போட்டிருந்த நாடா போலிருக்கிறது. அதைக் கழற்ற அவருக்குத் தோன்றவேயில்லை.

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அவங்களுக்கு எங்கருந்து எடுத்தாங்க?"

"தலையிலருந்துங்க" என்றார். "வேற எங்கயும் நல்ல தோல் மிச்சமில்லைன்னுட்டாங்க. ஒரு தொப்பி மாட்டியிருந்தா, அதனால தல மட்டும் தப்பிச்சிருச்சு. முடி மொத்தத்தையும் வழிச்சுட்டு அங்கருந்துதான் எடுத்தாங்க."

கட்டை கட்டையாக முடி வேர்கள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். தம்பியைப் பார்த்துவிட்டு வந்த கலக்கம் என்று நினைத்திருப்பார்.

"நீங்க அங்கதான் வேல பாக்கறீங்களாமே. இவங்க சொன்னாங்க. துணி பத்தலைன்னா நாங்க ஒட்டுப் போட்டு ஒப்பேத்துவோம். நீங்க துணியவே நெய்யறீங்க. பெரிய வேலைங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எங்களோடதையும் அப்பப்ப ஒரு கண்ணு பாத்துக்கங்க."

இந்தக் கண்ணைத்தான் பிடுங்கிப் போட வேண்டும் போல இருந்தது. தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா, நினைவில்லை. பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேலி பேசவில்லை. அதிலிருந்தே விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

"அந்தம்மாவுக்கு வேற வழியே இல்லயா?" என்றார்.

இருந்தது. பிரித்த அன்றே செல்களில் ஒரு பங்கைச் சின்னக் குழாயில் போட்டு உறையவைத்துவிடுவோம். அதை எடுத்து முதலிலிருந்து வளர்க்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் வாடிய தோலுக்கு அதைத் தொட மாட்டார்கள். காரணம் தெரிய வேண்டுமானால் நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால், ஏன் அதை அப்படிப் போட்டுப் படுத்தினாய் என்ற கேள்வி வரும். தம்பி என்று சொல்ல வேண்டியிருக்கும். சொந்தக்காரி என்பதை மறைத்து ஒருத்தி அந்த அறையில் இருந்தாள் என்று தெரிந்தால், பச்சைக் குப்பியையும் சந்தேகப்பட்டுக் கீழே கொட்டச் சொன்னாலும் சொல்வார்கள். அப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

"பேசாம இருந்துட்டா?" என்றேன். அந்தக் கேள்வியை நான் கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. பேசாமல் இருந்தால் தம்பிக்கு ஒன்றும் ஆகாது. அந்த அம்மாவுக்குச் செல்லில் தெம்பில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. வேறு வழி பார்க்கச் சொன்னால், மருத்துவர்கள் உடம்பில் மிச்சமிருக்கும் நல்ல தோலை உரித்துத்தான் ஒட்ட வேண்டும். அவளுக்கு மிச்சமிருப்பது ஒரு தலை.

மறுநாள் கூட்டத்துக்கு முன்னாலேயே பொறுப்பாளர் அறைக்குப் போனேன். வார்டுக்குப் போய்வந்தவள் என்பதால் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"பச்சைய நீங்க தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவகூட?"

"கண்ணெடுத்துக்கூடப் பாக்கல. யாரோன்னு நெனச்சேன்."

அவர் ஆமையைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்று, வழக்கம்போல யோசித்து, "அக்கா என் இன்குபேட்டர் பக்கமே வரலைங்க மேடம். வந்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றான். "மஞ்சள் செல்லு நல்ல செல்லுதான். முதல் வாரம் பச்சையவிட வேகமா இருந்துச்சு."

பொறுப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து அடுத்து என்ன வருமோ என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்சைய இன்னொரு தடவ முழுசா சோதிச்சுட்டு அனுப்பலாம்" என்றார் ஆமையிடம். "மஞ்சள்ல உறைய வெச்சத இன்னிக்கே எடு. நீயே வளத்துக்க. நாள் தள்ளிப்போகும்னு மருத்துவமனைக்கு நான் சொல்றேன், காரணத்தோட." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இனிமே அந்த அறைக்குள்ள வர வேணாம். உங்க தம்பிக்கு நீங்க செஞ்ச ஒரே நல்லது, அவரு தோல யாரோடதோன்னு நெனச்சு விட்டுவெச்சதுதான்."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பாத்திரங்கள் கழுவிச் சுத்திகரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே வேகவைத்து எடுப்பதுதான் வேலை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாலும் எதுவும் கெட்டுப்போகாது.

இனி வார்டுக்குப் போக எனக்குத் தடையில்லை. போனேன். தையல்காரர் அதே பெஞ்சில் இருந்தார். மருத்துவர் அவரிடம் அன்று காலையில் நாள் தள்ளிப்போவதைச் சொல்லியிருந்தார். யாரால் என்று சொல்லவில்லை.

"என்னாலதாங்க" என்றேன். "உங்க வீட்டம்மா தோல என் தம்பியோடதுன்னு நெனச்சுட்டேன். எடுத்து எடுத்துப் பாத்தேன். பாத்தே கெடுத்துட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு வெகுநேரம் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க தம்பியோடது?"

"அது நல்லா இருக்குங்க."

அவர் எழுந்து போய், வார்டின் கண்ணாடிச் சுவரை ஒட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அண்ணி, நீங்க கெளம்புங்க" என்று தம்பி மனைவி என் காதில் சொன்னாள். அவளுக்கு என்மேல் கோபமா, அவரைப் பார்த்துப் பயமா, தெரியவில்லை. இரண்டுமாக இருக்கும்.

தம்பிக்கு அடுத்த வாரம் தோல் ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டது. கட்டுப் பிரித்த அன்று, "ரோமம் வருமாக்கா?" என்றான். "வராதுடா" என்றேன். "அப்பாடா" என்றான். நான் சிரித்துவிட்டு வெளியே வந்து, அந்தப் பெஞ்சின் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். அவர் மறுமூலையில் இருந்தார். நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

தினமும் வேலை முடிந்ததும் போய் அங்கே உட்கார்ந்தேன். தம்பியைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகும் போனேன். அவர் என்னோடு பேசவில்லை, நானும் பேச முயலவில்லை. உள்ளே இருந்த அந்த அம்மாவுக்கு ஒருநாள் ஜுரம் ஏறியது. மருத்துவர்கள் ஓடினார்கள். அவர் கழுத்து நாடாவைக் கையில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் விரல் நகத்தைக் கடித்துத் துப்பினேன். ஜுரம் இறங்கியது. நிறுவனத்தில் ஆமையை வழியில் பார்க்கும்போதெல்லாம் கேள்வி நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன். அவனாகவே ஒருநாள் சொன்னான்: "நான் இன்னிக்கு அத பாக்கவே இல்லக்கா." என்னைச் சமாதானப்படுத்த அவனுக்குத் தெரிந்த வழி அது.

ஒரு மத்தியானம் அவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மஞ்சள் லேபிள். அவசரமே இல்லாமல், தண்ணீர்க் குடம் சுமப்பவன் போல, தாழ்வாரத்தில் ஆடாமல் அசையாமல் நடந்து வந்தான். நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தையல்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நீங்கதானா தம்பி வளத்தது?"

"நான் ஒன்னும் பண்ணலைங்க. அதுவாத்தான் வளந்துச்சு" என்றான் ஆமை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த அம்மாவைக் கட்டிலோடு ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். மருத்துவர் வெளியே வந்து, ஒட்டியிருக்கிறோம், பிடித்துக்கொள்கிறதா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். தையல்காரர் கண்ணாடிச் சுவரருகே போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தனை நாளில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"வாங்க. வந்து பாருங்க" என்றார்.

எனக்கு எழுந்து அந்தக் கண்ணாடிக்கு ஓட வேண்டும் போல இருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நான் பாக்கலைங்க" என்றேன். "நீங்க பாருங்க."